அமெரிக்காவில் கைத்துப்பாக்கி இல்லாமல் தற்காப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 என்று ஏதோ ஒரு விசாவில் இருப்பவர்களும், கிரீன் கார்டு வந்தும் துப்பாக்கி வாங்க மனமில்லாதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம்மவர்கள் அதிகம் இருக்கும் டெக்சாஸ், நியூஜெர்சி, நியூயார்க், கலிபோர்னியாவை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வாங்கும் முன் உங்கள் மாநிலத்தின் இன்றைய சட்டத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவில் இருக்கும் நான் துப்பாக்கி வாங்கலாமா? டெக்சாஸில் எல்லாரும் வைத்திருக்கிறார்களே?

பொதுவாகக் கூடாது. இது டெக்சாஸ் சட்டமல்ல, மத்திய சட்டம். குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று 1998 முதல் விதி இருக்கிறது. எச்-1பியும் எஃப்-1உம் அதில் அடக்கம். மீறினால் 15 ஆண்டு வரை சிறை. தண்டனை ஆகிவிட்டால் நாடு கடத்தவும் அதுவே காரணமாகும்.

விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகும். அந்த வழியில் போய் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உரிமம் காலாவதியான மறுநாள் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி குற்றமாகிவிடும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்பவர் அந்தத் தேதியை நம்பி வாழ வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

நண்பர்கள் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிட்டாலும் இதே கதைதான். வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் ‘வைத்திருத்தல்’ ஆகும்.

கணவர் சிட்டிசன், நான் எச்-1பி. அவர் பெயரில் வாங்கி வீட்டில் வைக்கலாமா?

அவர் வாங்கலாம். அது உங்கள் கைக்கு எட்டும்படி இருப்பதுதான் சிக்கல். பெயர் யாருடையதாக இருந்தாலும், எடுக்கவும் பயன்படுத்தவும் முடிகிற நிலையில் இருப்பவரை ‘வைத்திருப்பவர்’ என்று நீதிமன்றம் கருதலாம். பெட்டகத்தில் பூட்டி, எண் அவருக்கு மட்டும் தெரியும்படி இருக்க வேண்டும். அப்படி இருந்தால், அவர் வெளியூர் போன இரவில் அது உங்களுக்கு உதவாது. ஆகவே உங்களுக்கென்று வேறு ஏற்பாடு எப்படியும் தேவை. அமெரிக்க ரூம்மேட் துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டில் தங்கும் மாணவருக்கும் இது பொருந்தும். பொது ஹாலில் அது கிடக்கும் வீடு வேண்டாம்.

கிரீன் கார்டு வந்துவிட்டது. இப்போது வாங்கினால் என்ன?

சட்டம் தடுக்காது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கு மேல் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். முடிவு உங்களுடையது. ஒரு கணக்கை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் மனச்சோர்வில் இருப்பவரோ, பதின்வயதுப் பிள்ளையோ இருந்தால், வெளியிலிருந்து வரக்கூடிய ஆபத்தைவிடப் பெரியதை நீங்களே உள்ளே கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

சிலர் கைத்துப்பாக்கிக்குப் பதில் ஷாட்கன் (ஒரே சூட்டில் பல சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் நீளத் துப்பாக்கி) பாதுகாப்பு என்பார்கள், குண்டு சுவரைத் தாண்டாதாம். இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை, அரை அங்குல ஜிப்சம் பலகை. பக்‌ஷாட் என்ற அதன் பெரிய குண்டுகள் அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போகும்.

சரி, துப்பாக்கிக்குப் பதிலாக எதை வாங்குவது?

கேள்வியே சற்று மாற வேண்டும். துப்பாக்கி செய்யும் வேலையை அப்படியே செய்கிற வேறு பொருள் கடையில் கிடையாது. உங்களுக்குத் தேவை ஆளை வீழ்த்துவதல்ல. அவர் உங்களை நெருங்க எடுக்கும் நேரத்தைக் கூட்டுவதும், நீங்கள் விலகி ஓட ஐந்தாறு நொடி சம்பாதிப்பதும்தான். அப்படிப் பார்த்தால் வாங்கும் வரிசை தானாக அமையும்: முதலில் கதவு, அடுத்து பெப்பர் ஸ்பிரே, பிறகு நல்ல டார்ச். மூன்றுக்கும் சேர்த்து 60, 70 டாலருக்குள் முடித்துவிடலாம். 400 டாலர் மின்கருவியில் தொடங்குகிறவர்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள்.

கதவில் அப்படி என்ன செய்ய முடியும்? டெட்போல்ட் பூட்டு ஏற்கெனவே இருக்கிறதே?

பூட்டு உடைந்து கதவு திறப்பது அபூர்வம். உதைக்கிறபோது உடைவது, நாக்கு போய் உட்காரும் நிலைச்சட்டம். காரணம் எளிது. அந்தச் சட்டத்திலுள்ள உலோகத் தகட்டை, வீடு கட்டியவர் முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலத் திருகால் முடுக்கியிருப்பார். திருகு மெல்லிய அலங்காரப் பலகையோடு நின்றுவிடும். பின்னால் இருக்கும் கட்டுமான மரத்தைத் தொடவே தொடாது.

மாற்றும் விதம்: ஹோம் டிப்போ போன்ற கடையில் 8 அல்லது 9ஆம் எண், 3 அங்குல நீள மரத்திருகு ஒரு பெட்டி வாங்குங்கள். முடிந்தால் நான்கு ஓட்டையுள்ள கனமான தகடும் வாங்குங்கள். பழைய திருகைக் கழற்றி, அதே ஓட்டையில் 3 மி.மீ. துளைப்பானால் சற்றே உள்நோக்கிச் சாய்த்துத் துளையிடுங்கள். முதலில் பலகை, பிறகு அரை அங்குலம் போல வெற்றிடம், அதன் பின் கடினமான மரம் தட்டுப்படும். அங்கே பிடித்தால்தான் வேலை ஆயிற்று. திருகைக் கடைசிச் சுற்றுகளில் கையால் முடுக்குங்கள். டிரில்லாலேயே இழுத்து முடுக்கினால் சட்டம் பின்னுக்கு வளைந்து, பூட்டின் நாக்கும் தகட்டின் ஓட்டையும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். அப்புறம் பூட்டவே வராது. ‘3 அங்குலத் திருகு போட்டேன், கதவு கெட்டுவிட்டது’ என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் செய்தது இதுதான்.

கீல் பக்கத்தையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு கீலிலும் சுவரின் உட்பக்கமாக இருக்கும் ஒரு திருகை மட்டும் 3 அங்குலமாக மாற்றினால் போதும்.

அடுத்து நாக்கைப் பாருங்கள். டெட்போல்ட் நாக்கு முழுதாக ஒரு அங்குலம் வெளியே வர வேண்டும். பல வீடுகளில் சட்டத்தின் குழியை ஆழமாகத் தோண்டாமல் விட்டிருப்பார்கள். நாக்கு முக்கால் வழியில் இடித்து நிற்கும். கதவைத் திறந்து வைத்துக் குமிழைத் திருப்புங்கள், பிறகு மூடிவைத்துத் திருப்புங்கள். இரண்டு முறையும் குமிழ் ஒரே நிலைக்கு வர வேண்டும். மூடியபோது முன்னாலேயே நின்றுவிட்டால் குழியை ஆழமாக்குங்கள்.

பின்பக்கத்துச் சறுக்குக் கண்ணாடிக் கதவுக்கு, தடத்தின் நீளத்துக்கு வெட்டிய ஒரு மரக்கம்பு போதும். கராஜ் ரிமோட்டை வாசலில் நிற்கும் காரில் விடாதீர்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவையும் இரவில் பூட்டுங்கள். நம் வீடுகளில் அதிகம் மறந்துபோவது அந்தக் கதவுதான்.

வாடகை அபார்ட்மெண்ட். திருகு போட விடமாட்டார்களே?

மெயின்டனன்ஸுக்கு எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அவர்களே போட்டுத் தருவார்கள். மறுத்தால் குமிழுக்குக் கீழே முட்டுக்கொடுக்கும் இரும்புக் கம்பி 20, 30 டாலருக்குக் கிடைக்கும். உள்நோக்கித் திறக்கும் கதவுக்கு மட்டுமே அது பயன்படும். கீழ்முனையின் ரப்பர், டைல்ஸ் தரையில் தூசி இருந்தால் வழுக்கும்; தரையைத் துடைத்துவிட்டு வையுங்கள். தீப்பிடித்தால் உடனே எடுக்கத் தெரியாத குழந்தையோ முதியவரோ தனியாக இருக்கும் நேரத்தில் அதை மாட்ட வேண்டாம்.

பெப்பர் ஸ்பிரேயில் எதைப் பார்த்து வாங்குவது? எல்லாவற்றிலும் லட்சக்கணக்கில் ஸ்கோவில் என்ற கார அளவு எண் போட்டிருக்கிறதே?

அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். கலப்பதற்கு முந்தைய மிளகாய்ப் பிசினின் காரத்தைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ‘10 சதவீத ஓசி’ (ஓசி என்பது அந்தப் பிசினின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்பதும் எத்தனை பங்கு பிசின் கலந்தது என்பதைத்தான் சொல்லும். அந்தப் பிசின் எவ்வளவு காரம் என்று சொல்லாது. குண்டூர் மிளகாயும் குடைமிளகாயும் ஒரே எடையில் ஒரே காரமா?

பார்க்க வேண்டியது ‘மேஜர் கேப்சைசினாய்டுகள்’ என்ற சதவீதம். குப்பிக்குள் இருக்கும் கலவையின் உண்மையான காரம் அதுதான். 0.18 சதவீதத்திலிருந்து 1.33 சதவீதம் வரை கடைகளில் கிடைக்கும், 1.3ஐ ஒட்டி இருப்பதை எடுங்கள். அந்த எண்ணையே போடாத குப்பியை வைத்துவிடுங்கள்.

அடுத்து பாதுகாப்பு மூடி. சுழற்றித் திறப்பது, மேலே தூக்கும் மூடிக்குள் கட்டைவிரலை நுழைப்பது என்று வகைகள் உண்டு. இருட்டில், பார்க்காமல், ஒரே கையால், இரண்டு நொடிக்குள் உங்களுக்குத் திறக்க வருவதே உங்களுக்கானது. எங்கள் ஓட்டு மூடி தூக்கும் வகைக்கு. சுழற்றும் வகை கைப்பைக்குள் உரசி உரசித் தானே ‘ஆன்’ நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு.

ஸ்ட்ரீம், ஜெல், கோன் என்கிறார்களே. எது?

ஸ்ட்ரீம் தண்ணீர்த் துப்பாக்கிபோல் ஒரு கோடாகப் போகும். சாவிக்கொத்துக் குப்பியில் 10 அடி வரை. காற்றில் ஓரளவு தாங்கும், ஆனால் குறி கண்ணில் இருக்க வேண்டும். கோன் புகைபோல் விரியும், குறி தேவையில்லை. எதிர்க்காற்று அடித்தால் பாதி உங்களுக்கு. ஜெல் கெட்டியாகப் போய் ஒட்டும், 12 முதல் 18 அடி வரை எட்டும், காற்றில் பரவாது. அதன் குறை, ஸ்ட்ரீமைவிடச் சற்றுத் தாமதமாகவே வேலை செய்யும். மூச்சுக்குள் அதிகம் போகாது.

கார், லிஃப்ட், அபார்ட்மெண்ட் நடைபாதை, வீட்டுக்குள் என்றால் ஜெல். தெருவில் நடக்கவும் ஓடவும் போகிறவருக்கு ஸ்ட்ரீம். கோனை சாதாரணமாக நாங்கள் சொல்வதில்லை. வீட்டுக்குள் கோன் அடித்தால், மைய ஏ.சி. குழாய் அதைக் குழந்தை தூங்கும் அறைவரை கொண்டுபோகும்.

எப்படி அடிப்பது?

குப்பியை முஷ்டிக்குள் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள், ஆள்காட்டி விரலால் அல்ல. ஆள்காட்டி விரலை மேலே வைத்தால் பிடி தளர்ந்து, தட்டினால் குப்பி பறந்துவிடும். மறுகையை முன்னால் நீட்டித் தூரம் வைத்துக்கொண்டு, ‘பேக் ஆஃப்!’ என்று உரக்கக் கத்துங்கள். ஒரு காதிலிருந்து மறு காதுவரை, கண் மட்டத்தில், குறுக்காக ஒரு நொடி. அடித்த உடனே பக்கவாட்டில் நகருங்கள். கண் மூடிய ஆள் நீங்கள் கடைசியாக நின்ற இடத்தை நோக்கித்தான் பாய்வார். நின்று பலன் பார்க்காமல் ஓடுங்கள். மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் நேராகக் கண்ணில் அடித்தால், வேகமே விழியைக் காயப்படுத்தும்.

இதைப் படித்து வருவதில்லை, கையால் பழக வேண்டும். அதே நிறுவனத்தின் தண்ணீர் நிரப்பிய பயிற்சிக் குப்பி பத்து டாலருக்குக் கிடைக்கும். பின்கட்டில் ஒரு அட்டைப் பெட்டியில் கண் வரைந்து, பையிலிருந்து எடுப்பது, மூடி திறப்பது, அடிப்பது, நகர்வது என்று முழுதாகச் செய்து பாருங்கள். முதல் தடவை பெரும்பாலோர் எடுக்கவே ஐந்து நொடிக்கு மேல் ஆகும். பை ஜிப்பைத் திறந்து, லிப்ஸ்டிக்கையும் சார்ஜரையும் தாண்டித் தேடுவதில் அந்த நேரம் போகிறது. பார்க்கிங் இடத்தில் நடக்கும்போது குப்பி கையில் இருக்க வேண்டும். பையில் இருந்தால் இல்லாத கணக்குதான்.

அது வேலை செய்யாமல் போவதும் உண்டா?

உண்டு. பட்டவுடன் ஆள் விழுவார் என்று நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு நொடியிலிருந்து பல நொடிவரை தாமதம் ஆகும்; போதைமருந்திலோ வெறியிலோ இருப்பவர் தாங்கிக்கொண்டே வரலாம். கண்ணாடியோ தொப்பியோ போட்டவர்மீது ஸ்ட்ரீம் தடுக்கப்படும். அப்போது நெற்றியில் அடித்தால் வழிந்து கண்ணுக்கு இறங்கும்.

அதைவிட அதிகம் நடப்பது குப்பி செத்துப்போவது. உள்ளிருக்கும் அழுத்தம் மெதுவாகக் கசியும். தேதி 2 முதல் 4 ஆண்டு. அடியில் அச்சிட்டிருக்கும், போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் குப்பி கசியலாம், வெடிக்கலாம். டாலஸிலோ ஃபீனிக்ஸிலோ ஜூலை மாதத்தில் பூட்டிய கார் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். காரின் கிளவ் பாக்ஸில் வைத்துவிட்டுப் போவதை விட்டுவிடுங்கள்.

தவறி நம்மீதே பட்டால்? மோர், நெய் தடவலாமா?

நெய், எண்ணெய், க்ரீம் எதுவும் வேண்டாம். பிசினைத் தோலோடு ஒட்டவைக்கும். தேய்க்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸை உடனே கழற்றிக் குப்பையில் போடுங்கள். காற்றாட நின்று, கண்ணை விடாமல் சிமிட்டி, நிறையக் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். தோலை பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தால் கழுவலாம். தண்ணீர், பால், பேபி ஷாம்பூ, மாலாக்ஸ் என்ற வயிற்றெரிச்சல் மருந்து, மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் ஜெல் ஐந்தையும் ஒப்பிட்ட ஒரு 2008 ஆய்வில் எதுவும் மற்றதைவிடச் சிறப்பாக இல்லை. எரிச்சலைக் குறைத்தது நேரம்தான். 30 முதல் 45 நிமிடம் பொறுக்க வேண்டியிருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு வாங்கினால் 911.

எந்த அளவு குப்பி வைத்திருக்கலாம்?

நியூஜெர்சியில் 18 வயதானவர், முக்கால் அவுன்ஸ், அதாவது சுமார் 21 கிராம் வரை, ஒன்று. கலிபோர்னியாவில் 2.5 அவுன்ஸ் வரை. நியூயார்க்கில் 18 வயதானவர், மருந்துக்கடையிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், தபாலில் வராது. டெக்சாஸில் தற்காப்புக்கென்று கடையில் விற்கும் சிறிய குப்பிக்குத் தடையில்லை. பல்கலைக்கழக வளாகத்துக்குத் தனி விதி இருக்கும், மாணவர் கையேட்டைப் பாருங்கள்.

மிளகாய்த் தூள் பொட்டலம் போதாதா? குளவி மருந்து 20 அடி பாயும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

மிளகாய்த் தூள் கையெட்டும் தூரத்துக்குத்தான் போகும். பையில் நாள்பட இருந்தால் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும். எதிர்க்காற்றில் வீசினால் முதலில் உங்கள் கண். வேறெதுவும் இல்லாத நேரத்துக்குச் சரி, திட்டம் போட்டு வைத்துக்கொள்ள அல்ல.

குளவி மருந்தைப் பற்றிய தகவல் பொய். அது பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து, மனிதரின் கண்ணைத் தானாக மூடவைக்காது. லேபிளில் சொன்னதற்கு மாறாகப் பூச்சிமருந்தைப் பயன்படுத்துவது மத்தியச் சட்டப்படி குற்றமும்கூட. கரடி ஸ்பிரேயும் அதே பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ்தான் பதிவுசெய்யப்பட்டது. யெல்லோஸ்டோன் போகும்போது வாங்குங்கள், கரடிக்காக.

உடலில் தொட்டு மின்சாரம் பாய்ச்சும் ‘5 கோடி வோல்ட்’ ஸ்டன் கன் 20 டாலருக்குக் கிடைக்கிறதே?

ஒரு சென்டிமீட்டர் காற்றைத் தாண்ட மின்சாரத்துக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். 5 கோடி வோல்ட் உண்மையானால் பொறி 16 மீட்டர் பாயும். கருவியில் இருக்கும் இடைவெளி இரண்டு, மூன்று சென்டிமீட்டர். மீதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

தொட்டு அழுத்தும் ஸ்டன் கன் வலிக்கும், அவ்வளவே. தசையைப் பூட்டாது. அதற்கு ஆளோடு ஒட்டிப் பல நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். நீங்கள் தவிர்க்கப் பார்ப்பதே அந்த நெருக்கத்தைத்தான். இதை வாங்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வோம்.

டேசர் வேறு. பொதுமக்களுக்கான ‘டேசர் பல்ஸ்’ இரண்டு ஊசிகளைக் கம்பியோடு 15 அடி வரை எய்து, 30 நொடி தொடர்ந்து மின்சாரம் பாய்ச்சும். கீழே வைத்துவிட்டு ஓடத்தான் அந்த 30 நொடி. விட்டுவிட்டு வந்தால், போலீஸ் புகாரைக் காட்டி நிறுவனத்திடம் புதிதாகப் பெறலாம். சுடும்போது வரிசை எண் அச்சிட்ட பொடிக் காகிதங்களும் சிதறும், யார் சுட்டது என்று பின்னால் கண்டுபிடிக்க.

சிக்கல் என்ன? இரண்டு ஊசியும் பட வேண்டும், ஒன்று தவறினால் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இடையே ஓரடியாவது இடைவெளி விழுந்தால்தான் தசை இறுகும். மிக அருகில் சுட்டால் ஊசிகள் பக்கம்பக்கமாகத் தைத்து வலியோடு நின்றுவிடும். பாஸ்டன், சிகாகோ குளிர்காலத்துத் தடித்த கோட்டு இன்னொரு தடை. ஒருமுறைதான் சுடலாம். விலை 400 டாலர் அளவில்.

சட்டத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தடை பற்றிய கேட்டானோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் ஸ்டன் கன்னும் ஆயுத உரிமைக்குள் வரலாம் என்ற பக்கம் பேசியது. அதன்பின் நியூஜெர்சி உட்படப் பல இடங்களில் தடைகள் விழுந்தன. நகர அளவில் விதிகள் இன்னும் இருக்கின்றன, வாங்கும் முன் பாருங்கள்.

மிளகு உருண்டை சுடும் காற்றுத் துப்பாக்கி?

பைர்னா போன்றவை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் 0.68 அங்குல உருண்டையை எய்யும். வெடிமருந்து இல்லாததால் மத்தியச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது. சில மாநிலங்கள் தடுக்கின்றன. தூரம் எட்டும் என்பது உண்மை. எங்களுக்கு இருக்கும் தயக்கம் ஒன்றே: இருட்டில் அது துப்பாக்கியாகவே தெரியும். 911 அழைப்புக்கு வந்த போலீஸ்காரர், கையில் அதோடு வாசலில் நிற்கும் உங்களைப் பார்த்து உருண்டையா தோட்டாவா என்று யோசிக்க மாட்டார்.

சாவிக்கொத்தில் பூனைக் காது, சிறு கத்தி?

கண் ஓட்டைகளில் விரல் நுழைத்து, கூரான காதுகளால் குத்தும் பூனைக் காது சாவிவளையம் பல மாநிலங்களில் ‘நக்கிள்ஸ்’ (விரலில் மாட்டிக் குத்தும் உலோக வளையம்) என்ற தடைசெய்த ஆயுதத்தில் சேரும். டெக்சாஸிலேயே 2019இல்தான் அந்தத் தடை நீங்கியது. கத்தியைச் சட்டம் உயிர்பறிக்கும் ஆயுதமாகப் பார்க்கும். பழக்கமில்லாத கையில் முதலில் வெட்டுப்படுவதும் பெரும்பாலும் உரியவர்தான். இரண்டும் வேண்டாம்.

டார்ச்சும் அலாரமும் எதற்கு?

டார்ச் எல்லா மாநிலத்திலும், வளாகத்திலும், விமானத்திலும் செல்லும். வெளிச்சம் 500 லூமனுக்குக் குறையாமல், பின்பக்கம் பொத்தான் உள்ளதாக எடுங்கள். முகத்தில் அடித்தால் இருட்டுக்குப் பழகிய கண் சில நொடி தடுமாறும். அதைவிடப் பெரிய பலன், இரண்டு கார்களுக்கு நடுவே நிற்கும் ஆளை 20 அடிக்கு முன்னாலேயே உங்களுக்குக் காட்டிவிடும். பகலில் இதற்கு வேலையில்லை.

சொருகியிருக்கும் சிறு ஊசியை (பின்) இழுத்தால் அலறும் கையடக்க அலாரம் 120, 130 டெசிபல் கத்தும். அபார்ட்மெண்டில் யாரும் வெளியே வந்து பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். கார் அலாரம் கேட்டுப் பழகிய காது. ஓடிக்கொண்டே கவனத்தை இழுக்க உதவும்.

கராத்தே வகுப்பில் சேரலாமா?

உடலுக்கு நல்லது. தற்காப்புக்கென்றால், பெண்களுக்காக ஆராய்ந்து வடிவமைத்த குறுகிய பயிற்சிகளைத் தேடுங்கள். கனடாவின் வின்சர் பல்கலைக்கழகத்தில் உருவான 12 மணி நேரப் பயிற்சியை மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், கையேடு மட்டும் பெற்றவர்களில் 9.8. அந்தப் பயிற்சியில் அடி உதையைவிட அதிகம் இடம்பெற்றது, தெரிந்த ஆள் எல்லை மீறுவதைச் சீக்கிரம் கண்டுகொள்வதும் தயங்காமல் மறுப்பதும். இந்தப் பக்கத்தில் சொன்ன எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு சோதனை முடிவு எங்களுக்குத் தெரிந்து இல்லை.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். பகலில் தனியாக இருக்கிறார்கள்.

மணி அடித்தால் கதவைத் திறப்பது அவர்களுக்கு மரியாதை. அதை மாற்றச் சொல்லிக் கொடுங்கள்: மூடிய கதவு வழியே, அல்லது டோர்பெல் கேமராவில் நீங்களே அலுவலகத்திலிருந்து பேசிக்கொள்ளலாம். ஸ்பிரேயை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் வீட்டு முகவரியை, அபார்ட்மெண்ட் எண்ணோடு, தமிழ் ஒலிப்பில் எழுதி ஒட்டுங்கள். 911 அழைத்து முதலில் அதைப் படிக்க வேண்டும், பிறகு ‘தமிழ்’ என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான மையங்கள் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

வீட்டில் நகை இருப்பதால் குறிவைப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், மிச்சிகன், டெக்சாஸில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்துப் புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பல் மத்திய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது; தலைமை தாங்கிய பெண்ணுக்கு 37 ஆண்டு. தாலியும் அன்றாடம் போடுவதும் போக மற்றதை வங்கி லாக்கரில் வையுங்கள். கல்யாணம், நவராத்திரி படங்களை அன்றே பொதுவில் போடாதீர்கள். துப்பாக்கியோடு புகுந்தவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஸ்பிரேயை நினைக்கக்கூட வேண்டாம்.

பயம் வெளியாரிடம் இல்லை, வீட்டுக்குள்ளேயே அடிப்பவரிடம் என்றால்?

அப்போது இங்கே சொன்ன எதையும் வாங்காதீர்கள். ஒரே வீட்டில் இருக்கும் ஆயுதம் உங்கள்மீதே திரும்பும். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இருபத்து நான்கு மணி நேரமும், மொழிபெயர்ப்பாளரோடு. பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), கல்யாணச் சான்று இவற்றின் நகலை அவருக்குத் தெரியாத மின்னஞ்சலில் வையுங்கள். விசா அவர் பெயரைச் சார்ந்திருக்கிறது என்பதற்காக அடங்கிப்போக வேண்டாம். குற்றத்துக்கு ஆளானவர்களுக்கான யு விசா உட்பட வழிகள் இருக்கின்றன, குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஸ்பிரே அடித்துவிட்டேன். அடுத்து?

பாதுகாப்பான இடத்துக்குப் போய் முதல் ஆளாக 911 அழையுங்கள். முதலில் அழைப்பவர் புகார்தாரர் ஆவார். நீங்கள் பேசாமல் வீட்டுக்குப் போனால் அந்த ஆள் உங்கள்மீது புகார் தருவார். இடம், என்ன நடந்தது, ஆளின் அடையாளம் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். போலீஸ் வரும்போது கையில் எதுவும் இருக்க வேண்டாம்.

திட்டினான், காரை மறித்தான் என்பதற்காக அடித்தால் குற்றம் உங்களுடையது. உடனடியாகத் தாக்கப்படப் போகிறீர்கள் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். தாக்குதல் வழக்கு ஒன்று பதிவானால் விசா புதுப்பிக்கும்போதும் கிரீன் கார்டு நேரத்திலும் அது பேசும். விரிவான வாக்குமூலத்தை வழக்கறிஞரோடு கொடுங்கள்.

விமானத்தில் எடுத்துப் போகலாமா? நயாகரா போகிறோம், கார்ச் சாவியிலேயே மாட்டியிருக்கிறது.

உள்நாட்டு விமானத்தில் கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில் 4 அவுன்ஸ் வரை ஒரு குப்பியை விமான நிலையப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ. அனுமதிக்கும், ஆனால் விமான நிறுவனங்கள் பல மறுக்கும். லண்டன் வழியாக ஊருக்குப் போகிறவர்கள் கட்டாயம் விட்டுவிட்டுப் போங்கள். பிரிட்டனில் பெப்பர் ஸ்பிரே துப்பாக்கிச் சட்டத்திலேயே தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

கனடாவிலும் மனிதர்மேல் அடிப்பதற்கான ஸ்பிரே தடைசெய்யப்பட்டது, சிறிய ஸ்டன் கன்னும் அப்படியே. நியூஜெர்சியிலிருந்து நயாகராவுக்குக் காரில் போய், கனடா பக்கத்திலிருந்து அருவி பார்க்கப் பாலத்தில் ஏறும் முன் சாவிக்கொத்திலிருந்து கழற்றி அமெரிக்கப் பக்கத்து ஹோட்டலில் வைத்துவிடுங்கள். மறந்து பாலத்தில் ஏறிவிட்டால், எல்லை அதிகாரி கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். சொல்லாமல் இருந்து சோதனையில் அகப்பட்டால் குப்பி போவதோடு முடியாது.